பன்னிரண்டாவது முடிச்சு

சீட்டில் பெயர் வந்தால்தான் வேனில் இடம். மதுரையிலிருந்து வந்த மேடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கும் வேதாரண்யம் பக்கத்து உப்பளத்து ஊர் மன்றத்துக்கும் பரிமாற்றப் பயணம் என்று ஒன்றை அவருடைய தொண்டு நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது. முதலில் அங்கிருந்து பன்னிரண்டு பேர் போடிக்கு வந்து எங்கள் வீடுகளில் ஐந்து நாள் தங்குவார்கள். ஒரு மாதம் கழித்து இங்கிருந்து பன்னிரண்டு பேர் அங்கே போய்த் தங்க வேண்டும். யார் போவது என்பதை மன்றம் முடிவு செய்யாது. வந்த விருந்தாளிகள் கடைசி நாளன்று ஆளுக்கொரு சீட்டில் ஒரு பெயர் எழுதுவார்கள். யார் பெயரை எழுதுகிறார்களோ அவர்தான் அந்த விருந்தாளியின் வீட்டுக்குப் போகலாம். பெண்கள் பெண்களின் பெயரை மட்டும் எழுத வேண்டும்.

"அன்பாப் பழகுங்க. அழைப்பு தானா வரும்" என்றார் மேடம்.

வருகிறவர்களில் பெண்கள் ஆறு பேர். மன்றத்தில் பெண்கள் ஒன்பது பேர். அன்பாகப் பழகத் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கழித்தல் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அந்த ஒன்பதில் என்னை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் மன்றத்தில் இருந்ததே படிப்பகத்தைக் கூட்டிப் பாய் விரிப்பதற்குத்தான். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் தவறியவர்களின் பெயர்களைப் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கில் வாசித்தார்கள். "பொற்கொடி" என்று வாசித்தபோது பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. மூன்று வருடமாகப் போடியில் ஏலச் சரக்கு வைக்கும் கிட்டங்கி ஒன்றில் ஏலக்காய் பொறுக்குகிறேன். உடைந்தது, வெடித்தது, கறுத்தது என்று பிரித்துத் தள்ளும் வேலை. காலை முதல் சாயங்காலம் வரை வாயே திறக்காமல் இருந்தாலும் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மன்றத் தலைவர் சூர்யபிரகாஷின் தங்கை சுசித்ரா மட்டும் கேட்பாள். "ஏய் ஊமச்சி, வாயில என்னடி கொழுக்கட்டையா?"

விருந்தாளி தங்கும் வீட்டில் கக்கூஸ் இருக்க வேண்டும் என்பது மேடம் போட்ட இன்னொரு நிபந்தனை. எங்கள் தெருவில் அது இருந்தது மூன்று வீடுகளில்தான். அதில் ஒன்று எங்களுடையது. கார்முகில் எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

கார்முகிலுக்குப் பத்தொன்பது வயது. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். பஸ்சில் யார் யார் வாந்தி எடுத்தார்கள், மலையை முதலில் பார்த்துவிட்டு மேகம் என்று நினைத்தது யார், எல்லாம் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"எங்க ஊரு உப்புங்க. எங்கப்பா பாத்தியில வாருனது. வேற என்னா கொண்டாரதுன்னு தெரியல."

கல்லுப்பு. பளிங்கு மாதிரி பெரிய பெரிய கல். பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு மூட்டை கொண்டு வந்திருந்தார்கள். சுசித்ரா வீட்டில் அதை மாட்டுக் கொட்டடியில் போட்டுவிட்டார்களாம். "உப்பத் தூக்கிட்டு வந்திருக்காளுக, இங்க கடையில இல்லாத மாதிரி" என்று அவள் சொன்னதைத் தெருவே கேட்டது. அம்மா மட்டும் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல கல்லு. கொழம்புக்கும் ஆகும், அட்டைக்கும் ஆகும்."

அம்மாவின் பெயர் ராக்கு. பதினாலு வருடமாக மொக்கச்சாமி கங்காணியின் ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். ஏலக்காய் செடியின் தலையில் காய்க்காது, தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்து ஈரச் சருகுக்குள் கைவிட வேண்டும். சருகு முழுக்க அட்டை. குச்சி முனையில் உப்பைத் துணியில் முடிந்து கட்டி, நனைத்து, காலில் தடவிக்கொள்வார்கள். ஏறிய அட்டையை அந்த முடிச்சால் தொட்டால் சுருண்டு விழும். முடிச்சு இல்லாமல் ஆவணி மாதத்தில் யாரும் தோட்டத்துக்குள் இறங்குவதில்லை.

முதல் இரண்டு நாளும் கார்முகில் என்னோடுதான் இருந்தாள். ஒரே பாயில் படுத்தோம். நான் பேசாததை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவளே பேசினாள். உப்பு விளையும்போது தண்ணீர் முதலில் சிவக்குமாம். பிறகு மேலே ஆடை மாதிரி படியுமாம். வெயில் நேரத்தில் பாத்தியைப் பார்த்தால் கண் கூசும், அதனால் அவள் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உப்பு வாருவார், அதைப் பார்த்து ஊரே சிரிக்கும். கடல் அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

"நீ கடலப் பாத்திருக்கியா புள்ள?"

இல்லை என்று தலையாட்டினேன். தேனியைத் தாண்டி நான் போனதில்லை.

"வந்தா காட்டுறேன்" என்றாள்.

வந்தா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாளும் இருந்தேன். அவளுக்குத் தண்ணீர் காய வைத்தேன். அவள் துணியைத் துவைத்தேன். அவள் தலைமுடியில் ஒட்டிய ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாக எடுத்தேன். மேடம் மைக்கில் சீட்டைப் பிரித்து என் பெயரை வாசிப்பதை நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தேன். இந்தத் தடவை கைதட்டினால் அது வேறு கைதட்டாக இருக்கும்.

மூன்றாம் நாள் எல்லோரையும் குரங்கணிக்கு அழைத்துப் போனார்கள். அன்றைக்கு மட்டும் கிட்டங்கியில் லீவு கிடைக்காமல் நான் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கார்முகிலின் கையில் சுசித்ராவின் வளையல்கள் இருந்தன. செல்லில் இரண்டு பேரும் அருவிக்கு முன்னால் ஆடிய வீடியோவைக் காட்டினாள். மூன்று தடவை காட்டினாள்.

"சுசி செம ஜாலி. எங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்லுது. போட்டுல போவணுமாம், அதுக்கு நீந்தக்கூடத் தெரியாது."

நான் அவளுக்கு டீ கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்து, நல்ல மனதோடுதான் சொன்னாள்:

"உனக்குக் கூட்டம்னாலே புடிக்காதுல்ல? அங்க வந்தா எங்க சொந்தக்காரங்க அம்பது பேரு வந்து பேசுவாங்க. நீ பயந்துருவ. நான் இன்னொரு தடவ தனியா உன்னப் பாக்க வர்றேன், என்னா?"

எனக்குப் பிடிக்கும், நான் வர வேண்டும், என் பெயரை எழுது என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வாக்கியம்தான். டீ ஆறிப்போய்விடும் என்று மட்டும் சொன்னேன்.

நான்காம் நாள், விருந்தாளிகள் எங்கள் ஊர்க்காரர்கள் செய்யும் சோலியை ஒரு நாள் செய்து பார்க்க வேண்டும். அதற்காக ஏலத்தோட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். முந்தைய நாள் பொழுது சாயும்போது மொக்கச்சாமி கங்காணி எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"ராக்கு, விருந்தாளுக பன்னெண்டு பேருக்கும் முடிச்சு கட்டி வச்சிரு. டவுன்ல இருந்து மேடம் வர்றாங்க. ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா மொதலாளி என்னத்தான் கேப்பாரு. ஒன்னைய நம்பிச் சொல்றேன்."

"சரிண்ணே."

அம்மா துணி தேடினாள். பழந்துணி எல்லாம் நைந்து கிடந்தது. கடைசியில் டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து என் பள்ளிக்கூடத் துப்பட்டாவை எடுத்து, "இது இனி எதுக்கு?" என்று கேட்டாள். பல்லால் கடித்துக் கிழித்தாள். தவிட்டு நிறத் துப்பட்டா பன்னிரண்டு துண்டானது. மிச்சம் ஒரு நூல்கூட இல்லை. கார்முகில் கொண்டு வந்த உப்பிலிருந்து ஒவ்வொரு துண்டிலும் ஒரு கை வைத்து முடிந்து கூடையில் போட்டாள்.

"எண்ணு ஆத்தா" என்றாள்.

எண்ணினேன். பன்னிரண்டு.

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அட்டைக்காக, அப்பா விட்டுப்போன முழுக்கைச் சட்டையைப் பாவாடைக்கு மேல் போட்டுக்கொண்டேன். அம்மா வேலைக்காரர்களோடு முதல் ஜீப்பில் போய்விட்டாள். விருந்தாளிகளோடு இரண்டாவது ஜீப்பில் கூடையை எடுத்துக்கொண்டு நான் வர வேண்டும். கூடையைத் தூக்கும்போது ஒரு முடிச்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

யாரும் சொல்லிக் கொடுத்து நான் அதைச் செய்யவில்லை. கார்முகில் உப்பு இல்லாமல் இறங்கட்டும். நாலைந்து அட்டை ஏறட்டும். அவள் கத்துவாள். சுசித்ரா அருவிக்கு முன்னால் ஆடுவாள், அட்டையைக் கையால் தொட மாட்டாள். நான்தான் ஓடிப்போய் எடுத்துவிடுவேன். எல்லோரும் பார்ப்பார்கள். அன்றைக்கு மறுநாள் சீட்டு எழுதும்போது அவளுக்கு என் பெயர்தான் ஞாபகம் வரும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஜீப்பு ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் இதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் பிசகவில்லை.

தோட்டத்து வாசலில் குச்சிகளை வெட்டி வைத்திருந்தார்கள். நான் முடிச்சுகளைக் கட்டி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். கார்முகில் கடைசியாக வரும்படி நின்றுகொண்டேன்.

"ஒண்ணு குறையுது" என்றேன். "பரவால்ல. எங்கூடவே வா. அம்மாவோட பழைய முடிச்சுக் குச்சி எங்கிட்ட இருக்கு, ரெண்டு பேருக்கும் போதும்."

"நீ இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல" என்று சிரித்தாள் கார்முகில்.

அவளை ஓடையோரத்து வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் ஈரம் அதிகம். குனிந்து சரத்தைக் காட்டினேன். பழுத்த காயை எடுக்க வேண்டும், பிஞ்சை விட்டுவிட வேண்டும் என்று காட்டினேன். அவள் ஒவ்வொரு காயையும் முகர்ந்து பார்த்துக்கொண்டு கூடையில் போட்டாள். நான் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த செடிக்கு, அதற்கடுத்த செடிக்கு நகர்ந்தேன். பத்தடி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

முதல் அட்டை அவள் கணுக்காலில் இருந்தது. அவள் அதைப் பார்த்து, "ஏய், இதா அது? குட்டியா இருக்கு" என்றாள். நான் கிட்டே போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று இருந்தேன். இரண்டாவது முழங்காலில் தெரிந்தது. பிறகு அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள், விரலிடுக்கில் மூன்று. கழுத்தில் கை வைத்தாள். கண்ணோரத்தில் ஒன்று நெளிந்தபோதுதான் கத்தினாள். நான் நினைத்து வைத்திருந்த கத்தல் அது இல்லை. பன்றியை அடிக்கும்போது வரும் சத்தம். அட்டையைப் பிய்த்து எறிந்தாள். பிய்த்த இடமெல்லாம் ரத்தம் வழிந்தது. ரத்தத்தைப் பார்த்து ஓடினாள். ஈரச் சருகில் கால் வழுக்கி, வெட்டிப் போட்ட மரத்தின் அடிக்கட்டையில் முகவாய் மோதி விழுந்தாள்.

நான் ஓடினேன். என் குச்சியால் ஒவ்வொரு அட்டையாகத் தொட்டு எடுத்தேன். பதினேழு. கண்ணோரத்தில் இருந்ததை உப்பு படாமல் நகத்தால் நெம்பி எடுத்தேன். முகவாய் இரண்டாகப் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவள் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மேலே பாதையில் மன்றத்துப் பொருளாளர் யோகராஜ் செல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். "டேய், உப்பளத்துக்காரிய அட்டை தின்னுதுடா!" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்கள் காய் நிறுக்கிற கொட்டகைக்கு ஏறி வருவதற்குள் அந்த வீடியோ இரண்டு ஊர்க் குரூப்புக்கும் போய்விட்டது. கார்முகிலின் அப்பா மேடத்துக்குப் போன் போட்டுக் கத்துவது போனுக்கு வெளியே கேட்டது.

கொட்டகையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மேடத்தின் முகம் வெளிறியிருந்தது. இந்தத் திட்டத்தையே நிறுத்திவிடுவோம், யாரும் எங்கும் போக வேண்டாம் என்றார். சூர்யபிரகாஷ் அவர் பின்னாலேயே நடந்தான்.

"மேடம், மன்றத்து மேல தப்பில்ல மேடம். எல்லாருக்கும் முடிச்சு குடுக்கச் சொல்லித்தான் ஏற்பாடு. யாரு கட்டுனாங்கன்னு கேளுங்க."

வேலைக்காரப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மொக்கச்சாமி அம்மாவை முன்னால் கூப்பிட்டார்.

"பன்னெண்டு கட்டச் சொன்னேனா இல்லையா?"

"பன்னெண்டு கட்டுனேண்ணே."

"அப்ப இந்தப் புள்ளைக்கு எங்க?"

"ஒண்ணொண்ணா எண்ணித்தாண்ணே கூடையில போட்டேன்."

"கொழம்புக்கு எடுத்து வச்சிருப்பாங்க" என்றாள் சுசித்ரா. "ஓசி உப்புல்ல." இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்கு வந்தது. "அந்த மாரியாத்தா சத்தியமாச் சொல்றேன், பன்னெண்டு. எம்மவளும் எண்ணுனா. அவளையே கேளுங்க. ஏத்தா பொற்கொடி, சொல்லு. எத்தன இருந்துச்சு?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். விருந்தாளிகள், மன்றத்துக்காரர்கள், வேலைக்காரர்கள், மேடம். முகவாயில் துண்டை அழுத்திக்கொண்டு பெஞ்சில் கிடந்த கார்முகிலும் பார்த்தாள். சட்டைப் பையில் உப்பு ஈரத்தில் கசிந்து என் நெஞ்சில் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு என்று சொன்னால், மிச்சம் ஒன்று எங்கே என்பார்கள். கூடை என் கையில்தான் வந்தது.

"பதினொண்ணு" என்றேன்.

குரல் நடுங்கவே இல்லை. கூட்டத்துக்கு நடுவில் நான் அவ்வளவு தெளிவாக வேறு எதையும் சொன்னதில்லை.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பிறகு கங்காணியிடம் திரும்பினாள்.

"அப்ப நாந்தான் தப்பா எண்ணிட்டேன் போலண்ணே."

"எண்ணத் தெரியாதவளுக்குக் காட்டுல என்ன சோலி?" என்றார் மொக்கச்சாமி. மேடத்துக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார். "அந்தப் புள்ள கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு."

அம்மா குனிந்தாள். கார்முகில் காலை இழுத்துக்கொண்டு, "ஐயோ வேணாங்க" என்றாள். அதற்குள் அம்மாவின் கை அவள் பாதத்தில் பட்டுவிட்டது. எழுந்தபோது அந்தக் கையில் கார்முகிலின் ரத்தம் இருந்தது. அம்மா அதைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கார்முகிலைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பு வந்தது. நான் அவளோடு ஏறினேன். அம்மாவும் ஏற வந்தபோது மொக்கச்சாமி கையை நீட்டித் தடுத்தார்.

"நீ பஸ்சப் புடிச்சு வா. இனிமே இந்த ஜீப்புல ஒனக்கு எடமில்ல."

முகவாயில் நாலு தையல் போட்டார்கள். ஜீப்பிலும் ஆஸ்பத்திரியிலும் கார்முகில் என் கையை விடவில்லை. "நீ இல்லன்னா செத்தே போயிருப்பேன் புள்ள" என்றாள். தையல் போட்டதால் வாய் கோணிக்கொண்டு வந்தது.

மறுநாள் படிப்பகத்தில் வழியனுப்பு விழா. கார்முகிலின் அப்பாவிடம் சூர்யபிரகாஷ் போனில் பேசி, தப்பு செய்த ஆளை வேலையை விட்டே நிறுத்திவிட்டோம் என்று சொன்ன பிறகு, திட்டம் நிற்காது என்று மேடம் ஒத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு செய்ய மூன்று பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் அம்மாவும் வந்து வெங்காயம் உரித்தாள். சீட்டு வாசிக்கும்போது கதவோரத்தில் கரண்டியோடு நின்றாள்.

மேடம் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். இரண்டாவது சீட்டிலேயே சுசித்ராவின் பெயர் வந்தது. அவள் வீட்டில் தங்கியிருந்த பெண் எழுதியிருந்தாள். சுசித்ராவுக்குக் கார்முகிலின் சீட்டு தேவையாகவே இருக்கவில்லை. ஐந்தாவது சீட்டைப் பிரித்து மேடம் மைக்கில் வாசித்தார்: "கார்முகில் அழைப்பது, பொற்கொடி."

கைதட்டினார்கள். நான் நினைத்து வைத்திருந்ததை விடப் பலமாகவே தட்டினார்கள். கார்முகில் எழுந்து மைக்கை வாங்கினாள். வாய் கோணலாகத்தான் பேச வந்தது.

"எல்லாரும் வீடியோ எடுத்தப்ப இவதான் ஓடியாந்தா. அவங்கம்மா பண்ண தப்புக்கு இவ என்னா பண்ணுவா? அத நான் மனசுல வச்சுக்கல. அவங்களயும் மன்னிச்சுட்டேன்."

மறுபடி கைதட்டினார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கதவைப் பார்த்தேன். அம்மா சாம்பாரைக் கிண்டப் போய்விட்டிருந்தாள்.

விருந்தாளிகள் கிளம்பிப் போன பிறகு வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் சட்டைப் பை ஞாபகம் வந்தது. கொடியில் சட்டை சொட்டிக்கொண்டு தொங்கியது. பையில் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"சேறா இருந்துச்சு, தொவச்சுட்டேன்" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

வேறு எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே எங்காவது விழுந்திருக்கும் என்று நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். தண்ணீரில் உப்பு கரைந்துவிடும் என்றும் நினைத்தேன். துணி கரையாது என்பதைத்தான் நினைக்காமல் இருந்தேன்.

நாலைந்து நாள் விடியற்காலையில் அம்மா வழக்கம்போலச் சோற்று வாளியோடு ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனாள். மொக்கச்சாமி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, அவள் நிற்பதைப் பார்க்காத மாதிரி பின்கதவைச் சாத்துவார். பதினாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து போன பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஆறாம் நாளிலிருந்து அம்மா தேவாரம் பக்கம் களையெடுக்கப் போனாள். இரண்டு பஸ்சு மாற வேண்டும். யானை இறங்கும் காடு, பொழுது சாயும் முன்பே விட்டுவிடுவார்கள், கூலியும் அதற்குத் தகுந்த மாதிரிதான். ராத்திரி முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்வாள். நான் தேய்த்துவிடுவேன். அந்த ஒரு மாதமும் அவள் என்னிடம் பேசாமல் இல்லை. தண்ணி வந்துச்சா, கேஸ் தீந்துச்சா, கதவச் சாத்து. எல்லாம் பேசினாள். எண்ணச் சொல்லி மட்டும் எதையும் என்னிடம் கொடுக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அதற்கு நேரம் இருந்தது. மொக்கச்சாமியின் வீடு நாலாவது தெருதான். சொன்னால் சீட்டு போய்விடும். கடலைப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

வேன் கிளம்பும் அன்று அம்மா எனக்கு முன்பே எழுந்துவிட்டாள். தலை பின்னிவிட்டாள். வழக்கத்தை விட இறுக்கமாகப் பின்னினாள். வேன் வாசல் வரை வந்து, வாழையிலையில் சுற்றிச் செய்தித்தாளில் கட்டிய பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

"எலுமிச்சஞ்சோறு. வெரசாச் சாப்புட்டுரு. மத்தியானத்துக்கு மேல தாங்காது."

"சரிம்மா."

"அந்தப் புள்ள மொகவாய் ஆறிருச்சான்னு நான் கேட்டேன்னு கேளு."

வேன் கிளம்பியது. அவள் கையாட்டவில்லை. தேவாரம் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி வேகமாக நடந்தாள்.

காரைக்குடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தினார்கள். வெயில் ஏறிவிட்டதால் யாரும் இறங்கவில்லை. வேனுக்குள்ளேயே பொட்டலங்களைப் பிரித்தார்கள். எனக்கும் பசித்தது. நூலை அவிழ்த்து இலையை விரித்தேன். மஞ்சள் சோறு. அதற்கு நடுவில், முட்டை வைக்கிற இடத்தில், தவிட்டு நிறத் துணியில் ஒரு முடிச்சு.

அம்மாவின் முடிச்சுதான். அவிழ்க்கவே இல்லை. உள்ளே கல் கல்லாக இருந்தது.

இடது கையால் அதை எடுத்து மூடிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் சுசித்ரா எதையோ காட்டி யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி, என்னைக் கேட்காமலேயே என் இலையிலிருந்து ஒரு வாய் அள்ளிப் போட்டாள். மென்றாள். ஜன்னல் வழியே துப்பினாள்.

"அய்ய, உப்பே இல்லடி!"

முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"சத்தியமாடா, ஒரு கல்லு உப்பு இல்ல. இவ ஆத்தா அன்னைக்கு மலையிலயும் உப்ப மறந்துச்சு, இன்னைக்குச் சோத்துலயும் மறந்துருச்சு!"

வேன் முழுக்கச் சிரித்தது.

"உப்பளத்துக்குத்தானடி போறீக, அங்க போயிப் போட்டுக்கங்கன்னு விட்டுருக்கும்" என்றான் யோகராஜ். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். சூர்யபிரகாஷ்கூட, "பாவம்டா, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான்.

சுசித்ரா என் தோளில் தட்டினாள். "கோவிச்சுக்காத ஊமச்சி. சும்மாதான். ஒங்கம்மாவுக்கு எண்ணவும் வராது, ஆக்கவும் வராது, என்ன பண்றது?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கோபித்துக்கொள்கிறேனா என்று பார்த்தார்கள். முடிச்சு உள்ளங்கையில் வேர்த்து நனைந்திருந்தது.

நானும் சிரித்தேன். "ஆமா, அதுக்கு ஞாபகமே இருக்காது" என்றேன்.

"ஏய், ஊமச்சி பேசிட்டா!" என்று கத்தினாள் சுசித்ரா. யாரோ விசிலடித்தார்கள். எனக்குத் தன் பொட்டலத்திலிருந்து அவள் ஒரு வடையை எடுத்து வைத்தாள். முதல் தடவையாக வைத்தாள்.

வடையைத் தின்றேன். பிறகு இடது கையைத் திறக்காமலே, இலையில் இருந்த சோறு முழுவதையும் தின்றேன். ஒரு பருக்கை விடவில்லை. கடலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று டிரைவர் சொன்னார்.